புதன்கிழமைச் சொதி

1

ஊர்ப் பத்திரிகைக்கு நான் எழுதி ரொம்ப நாளாயிற்று. "பினாங்கு போனதும் ரூத்தம்மாளுக்குக் கை மரத்துப் போச்சோ?" என்று பாளையங்கோட்டையில் யாரோ கேட்டார்களாம். மரத்துப் போகவில்லை அம்மா, தேங்காய் துருவித் துருவி வலிக்கிறது. யாருக்காகத் துருவினேன் என்று சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வேதக்கோயில் உபதேசியார் மகள். மிஷன் பள்ளியில் படித்து, கல்யாணமாகிக் கப்பல் ஏறினவள். என் வீட்டுக்காரர் தேவசகாயம் இங்கே ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், அதாவது புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிற வேலை. மகள் எமிலிக்கு ஏழு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் மலாயில் பதில் சொல்லுவாள், அதட்டினால் இங்கிலீஷுக்குத் தாவுவாள். திருநெல்வேலியை "ஒங்க ஊரு" என்கிறாள். கேட்கும்போதெல்லாம், "நம்ம ஊருன்னு சொல்லுட்டி" என்று திருத்துவேன்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பின்முற்றம் ஒன்று. அந்த வீட்டில் ஆழ்வார்குறிச்சிச் சைவப் பிள்ளைமார் இருக்கிறார்கள். அரிசிக்கடை அண்ணாச்சியும் அவர் மனைவி வடிவும். வடிவு என்னைவிட மூத்தவள். வந்த நாளிலிருந்து, அண்ணன் பெண்சாதியைக் கூப்பிடுவது போல, நான் மைனி என்றுதான் கூப்பிடுகிறேன். நல்ல மனுஷி, ஆனால் ஆசாரம் என்றால் அப்படி ஓர் ஆசாரம்! பருப்புக் கொடுத்தால் என் ஏனத்தில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவாள். என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. "மீன் சட்டி இருக்குத வீடுல்லா" என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மறுநாள் அவள் சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன்.

அந்தப் பின்முற்றத்தின் நடுவில் இப்போது மூன்றாவதாக ஓர் அடுப்பு இருக்கிறது. அவள் வீட்டு அடுப்பும் இல்லை, என் வீட்டு அடுப்பும் இல்லை. வருஷாவருஷம் ஐப்பசியில் ஒரு புதன்கிழமை அதில் சொதி கொதிக்கும். போன வாரமும் கொதித்தது. அன்றைக்கு வாசலில் நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

2

அதுவும் ஐப்பசிப் புதன்கிழமைதான். விடிந்தும் விடியாத நேரம். இடி என்று நினைத்தேன். ஐப்பசி மாசத்தில் இடி இடிக்காமல் என்ன செய்யும்? மாடத்தில் இருந்த பித்தளைச் செம்பு தானாக உருண்டு கீழே விழுந்தது. அப்புறம்தான் தெருவில் ஓட்டமும் கூச்சலும் கேட்டது.

முந்தின மாசம் மதராஸில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தின அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து, அங்கே நங்கூரம் போட்டு நின்ற ரஷ்யாக்காரர்களின் போர்க்கப்பலைச் சுட்டு மூழ்கடித்துவிட்டுப் போய்விட்டது. குண்டுச் சத்தம் ஓய்கிறதற்குள் சம்பான் ஓட்டுகிற சீனர்களும் நம் படகுக்காரர்களும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். எரிந்தும் நனைந்தும் கிடந்தவர்களை ஒவ்வொருவராகத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். கூப்பிட்டு யாரும் போகவில்லை. பார்த்தார்கள், போனார்கள்.

கடைகள் எல்லாம் அடைத்தாயிற்று. கப்பல் திரும்பி வரும், ஊரையே சுடும் என்று மூட்டையும் முடிச்சுமாக ஜனங்கள் மலைப்பக்கம் ஓடினார்கள். அண்ணாச்சியும் பெட்டியைக் கட்டிவிட்டார். மைனி அசையவில்லை.

"ஒலையில அரிசி கெடக்கு. இத விட்டுட்டு எங்க ஓடுதது? நீங்க போங்க, நான் வடிச்சிட்டு வாரேன்."

அண்ணாச்சி போகவில்லை. எப்படிப் போவார்?

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார். கட்டுத் துணி தீர்ந்துவிட்டது, பழைய வேட்டி இருந்தால் கிழித்துத் துவைத்துக் கொடுங்கள் என்று. நம் வேட்டி நாள்பட நாள்பட மெதுவாகும், பச்சைப் புண்ணுக்கு அதுதான் இதம். சந்து முழுக்கப் பின்முற்றத்தில் கூடிவிட்டது. நாகூர் மரைக்காயர் வீட்டிலிருந்து ஒரு கட்டுத் துணி வந்தது. சலவைக்காரச் சீனன் கேட்காமலே கொப்பரையை அடுப்பில் ஏற்றிக் கொடுத்தான். நாங்கள் கிழித்தோம், வேகவைத்தோம், காயப்போட்டோம். மைனி வீட்டுப் பழசெல்லாம் தீர்ந்ததும் உள்ளே போய்க் கரை வேட்டி ஒன்றை எடுத்து வந்தாள்.

"ஏளா, அது தீவாளிக்கு எடுத்ததுல்லா!" என்றார் அண்ணாச்சி.

"தீவாளி முடிஞ்சாச்சு. அப்போ பழசுதான்," என்று சொல்லிக்கொண்டே கிழித்தாள்.

3

கரையேறினவர்களில் ஒரு சின்னப் பையன். மீசை அரும்புகிற வயது. இடது கையும் தோளும் வெந்து, உதடும் வாயும் புண்ணாகிக் கிடந்தான். புண்ணால் சாகிறவன் இல்லை, ஆகாரம் இல்லாமல்தான் சாகப்போகிறான் என்று என் வீட்டுக்காரர் அன்று சாயந்திரமே சொன்னார். ரொட்டி மெல்ல முடியாது. மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டான். முட்டையைப் பாலில் அடித்துக் கொடுத்தார்கள், வேண்டாம் என்று தள்ளினான். வியாழக்கிழமை முழுக்க ஜன்னி, தன் நினைவே இல்லை. வெள்ளிக்கிழமை கண்ணைத் திறந்தான். அரிசிக் கஞ்சி கொண்டுபோனார்கள், தெம்பாக இருக்கட்டும் என்று அதிலும் பாலை ஊற்றி. அதையும் தள்ளிவிட்டான். அவன் பாஷை தெரிந்தவர்கள் அந்த வார்டில் யாருமில்லை. பெரிய டாக்டர் துரை, இன்றைக்கும் வயிற்றில் ஒன்றும் போகாவிட்டால் நாளைக்கு நம் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் இரண்டு தடவை என் வீட்டுக்காரரோடு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பைபிளிலிருந்து சங்கீதம் வாசித்தேன், இங்கிலீஷில். கழுத்தில் சிலுவை கிடக்கிறதே, நம் பையன்தானே என்று. அவனுக்கு ஒரு எழுத்தும் விளங்கியிருக்காது. என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் பின்முற்றத்தில் கை கழுவிக்கொண்டே சொன்னார். "அந்தப் பய சாவணும்னே முடிவு பண்ணிட்டான் ரூத்து. கூட இருந்தவனெல்லாம் முங்கிட்டானுவ. நமக்கு மட்டும் என்னத்துக்குன்னு நெனைக்கான் போல."

மைனி துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"தம்பி, பைய சொல்லும். மாட்டுச்சாறு வேண்டாங்கான். முட்டை வேண்டாங்கான். பாலுமா வேண்டாங்கான்?"

"பாலும்தான்."

"தண்ணி?"

"தண்ணி குடிக்கான்."

"இன்னைக்கு வெள்ளிக்கெழமைலா! மூதி, இது தெரியலயா ஒங்களுக்கு? அவன் வெரதம் இருக்கான்!"

நான் சிரித்துவிட்டேன். "மைனி, அவன் கிறிஸ்தவன். கழுத்துல சிலுவை போட்டிருக்கான்."

"கெடக்கட்டும். அவன் சைவம். எந்த ஊருச் சைவமோ, வழி தெரியாம கப்பல்ல ஏறிட்டான். சாவப் போற நேரத்துலயும் வாய்ல வைக்க மாட்டேங்கான் பாரு. எங்க ஆளுகளுக்குத்தான் இந்தப் பிடிவாதம் வரும்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கோட்டித்தனம்தான், கிறுக்குப் பேச்சுத்தான், ஆனால் எங்கள் இரண்டு பேரிடமும் வேறு யோசனையும் இல்லை.

4

சொதி வைக்க வேண்டும் என்று மைனி தீர்மானித்துவிட்டாள். ஊரில் உள்ளவர்களுக்குச் சொதி என்ன என்று நான் சொல்ல வேண்டாம். கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிள்ளைமார் வீட்டில் போடுகிற விருந்துக் குழம்பு. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும். மாட்டுப்பால் ஒரு சொட்டு கிடையாது. இவனுக்கு மிளகாய் இல்லாமல், குழைந்த சோற்றோடு கரைத்து, கஞ்சியாகக் கொடுத்துவிடலாம்.

சரி, எந்த வீட்டில் வைக்கிறது? அவள் வீட்டுச் சட்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்ப உள்ளே வர முடியாது. என் வீட்டு அடுப்பில் வைக்கலாம் என்றால், "ஏ அம்மா! மீன் அடுப்பா? அவன் வெரதத்த நானே கெடுக்கவா?" என்றாள். எனக்கு வந்ததே கோபம்!

"அங்க ஒருத்தன் செத்துக்கிட்டு இருக்கான், நீங்க அடுப்புக்குச் சாதி பாக்கீகளா மைனி?"

அந்த நேரத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. இனிப்பான ஞாபகம் இல்லை. நான் பாவாடை கட்டின வயதில் ஒரு வருஷம் தாமிரபரணி ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே ஏறிப் பெருகி, வாழைத்தோட்டங்களையும் பள்ளத்துக் குடிசைகளையும் அடித்துக்கொண்டு போனது. குடிசை போனவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்திலும், வீடு இடிந்தவர்கள் கோயில் மண்டபத்திலும் ஒதுங்கினார்கள். தாசில்தார் கச்சேரியிலிருந்து வண்டியில் அரிசி வந்தது. சமைக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. இவர்கள் சமைத்தால் அவர்கள் தொடமாட்டார்கள், அவர்கள் சமைத்தால் இவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீர், யார் வீட்டு அண்டா என்று பெரியவர்கள் பொழுது சாய்கிறவரை பேசினார்கள். என் தகப்பனார் இரண்டு பக்கமும் நடந்து நடந்து கால் ஓய்ந்து போனார். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி சாக்கில் கையை விட்டுப் பச்சரிசியை எடுத்து மென்று, மென்று, அதைப் பிள்ளை வாயில் வைத்தாள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. எங்கள் ஆற்றங்கரையைப் பற்றி எத்தனையோ பேர் எவ்வளவோ அழகாக எழுதுகிறார்கள். எனக்கு அந்த அரிசி மெல்லுகிற சத்தம்தான் கேட்கும்.

இதை மைனியிடம் சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன், ஆனால் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவள் எழுந்தாள். முற்றத்தின் நடுவுக்குப் போனாள். மூன்று செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

"ஒன் வீடும் இல்ல, என் வீடும் இல்ல. போதுமா? புதுச்சட்டி ஒண்ணு வாங்கிட்டு வா, வாய் பேசாத."

சீனன் கடையில் மண்சட்டி வாங்கினேன். அரிசிக்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நம் ஊர் மிஷன் வீட்டுப் பெண்பிள்ளைகளைப் போல நானும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி கோயில் காணிக்கைக்கு என்று தனியே எடுத்து வைக்கிறவள். மைனியும் சாமிக்கு என்று அவள் வீட்டில் அப்படித்தான் எடுத்து வைக்கிறாள். இரண்டு கலயத்து அரிசியும் அந்தச் சட்டியில் விழுந்தது.

5

ஆஸ்பத்திரி வாசலில் பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். சண்டைக் காலம். வெளிச் சாப்பாடு கொண்டுபோக வேண்டுமானால் நோயாளிக்கு உறவாக இருக்க வேண்டும் என்று புதுச் சட்டம். சீட்டு எழுதுகிற கிளார்க்கு யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டவர், சட்டம் என்றால் சட்டம்.

"நீங்கள் அவருக்கு என்ன முறை?" என்றார் மைனியைப் பார்த்து.

மைனி திரும்பி என்னிடம் கேட்டாள். "என்னட்டி கேக்காரு?"

"யாருன்னு கேக்காரு, மைனி."

"மைனின்னு எழுதச் சொல்லு."

கிளார்க்கு கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "என்னம்மா, விளையாடுறியளோ? அவன் ரஷ்யாக்காரன். நீங்கள் திருநெல்வேலி. அண்ணன் பெண்சாதி எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

"ஐயா, இவளும் எங்க வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்தவ இல்ல, மைனிங்கா. இந்தச் சந்தே மைனிங்குது. அவன் ஒருத்தன் கூடச் சொன்னா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு? சோறு ஆறுது."

அந்த மனுஷர் பேனாவை மையில் தோய்த்தார். பிறகு சிரிக்காமல், அண்ணி என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "சோறு ஆறினால் கூடாதுதான்," என்றார்.

வார்டில் அவன் சுவரைப் பார்த்துக் கிடந்தான். கரண்டியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டான். மைனி அவசரப்படவில்லை. மடியிலிருந்து ஒரு தேங்காய் மூடியை எடுத்தாள். இதற்காகவே கொண்டுவந்திருக்கிறாள்! அவன் கண் முன்னால் கொஞ்சம் சுரண்டி, உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து, வெள்ளையாகச் சொட்டுகிறதைக் காட்டினாள். சட்டியைக் காட்டினாள். "பாலு இல்லப்பா. மாடு இல்ல. தேங்காய். பாரு," என்று தமிழிலேயே சொன்னாள். அவன் மூடியைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான், அவள் நெற்றியில் கிடந்த திருநீற்றைப் பார்த்தான். கட்டுப் போடாத கையைத் தூக்கிச் சிலுவை போட்டுக்கொண்டான். வாயைத் திறந்தான்.

என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை, ஒழுகட்டும் என்று விட்டுவிட்டேன். அரைச்சட்டி காலியானது.

மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவள் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. என் வீட்டுக்குள்ளும் வரமாட்டாள். மூன்று செங்கல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். "பசிக்கு ரூத்து. போடு," என்றாள். அவளும் நானும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

6

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். சனிக்கிழமையும் மைனி கொண்டுபோனாள், அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். சந்து முழுக்க, "என் கொழுந்தன் பச்சைச் சைவம்லா" என்று சொல்லித் திரிந்தாள். வாசல் காவல்காரன் தூரத்தில் பார்த்ததுமே "மைனி வந்தாச்சு!" என்று குரல் கொடுப்பான். பையனும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் ஒன்று கொண்டுபோனேன். எனக்கும் ஆசை இருக்காதா? முள் நீக்கின மீன், பதமாக வேகவைத்தது. சும்மா காட்டத்தான் காட்டினேன். ஐயோ, அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கிண்ணத்தைப் பிடுங்காத குறை. பாதி தின்றுகொண்டிருக்கும்போது மைனி சொதிச் சட்டியோடு உள்ளே வந்தாள்.

"பாவி! நல்லா இருந்த பிள்ளைய கெடுத்துட்டியே!"

வார்டே திரும்பிப் பார்த்தது. சட்டியை வைத்துவிட்டு விறுவிறு என்று போய்விட்டாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மூன்றாவது அடுப்பு எரியவில்லை. நான் ஏன் போய்ப் பேச வேண்டும்? மீன் தின்றவன் அவன். நானும் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டேன்.

புதன்கிழமை மீன் கொண்டுபோனேன். அவன் என் கையைத் தொட்டுக் கும்பிட்டு, மீனைத் தள்ளி வைத்துவிட்டான். வெண்ணெய் தடவின ரொட்டியையும் தொடவில்லை. வாசலைப் பார்த்து, "மைனி?" என்றான். பொழுது ஏற ஏற அதையே கேட்டான்.

அன்றைக்குத்தான் பக்கத்து வார்டில் இருந்த அவர்களுடைய அதிகாரி ஒருவர், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர், ஊன்றுகோலோடு நடந்து வந்தார். அவர் விளக்கினார். அவர்கள் சபையில் புதனும் வெள்ளியும் நோன்பு. இறைச்சி, பால், முட்டை, மீன் கிடையாது. புதன் ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட நாள், வெள்ளி சிலுவையில் அறையப்பட்ட நாள். நோயாளிக்கு விலக்கு உண்டுதான். ஆனால் இவன் கடலில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, கரை சேர்ந்தால் ஒரு நோன்பும் விடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டானாம்.

எனக்குத் தலையில் தண்ணீர் கொட்டினது போல் இருந்தது. என் ஆண்டவருடைய வெள்ளிக்கிழமை. உபதேசியார் மகள் நான், பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசித்தேன், எனக்குத் தோன்றவில்லை. திருநீறு பூசின மைனிக்குத் தோன்றியது. அவள் நினைத்ததும் தப்புத்தான், அந்தத் தப்பில்தான் அவன் பிழைத்தான்.

நேரே மைனி வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் அரிசி புடைப்பது போல் பாவனை செய்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"புதனும் வெள்ளியும் மட்டுமா?"

"ஆமா மைனி."

"மத்த நாளெல்லாம் திம்பானா?"

"திம்பான்."

"மாடும்?"

"அதுவும்."

"ஏ முருகா!" முறத்தைக் கீழே வைத்தாள். "நம்ம ஊருலயும் வெள்ளி செவ்வா மட்டும் மீன் சட்டிய கவுத்துத வீடு இல்லியா? அது மாதிரிதான். நேந்துக்கிட்டவன் நேந்துக்கிட்டதுதான். பட்டினியா கெடக்கானா இப்போ?"

"ஒங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்கான்."

"அத மொதல்ல சொல்லித் தொலைக்க வேண்டாமா, கூறு கெட்டவளே!" என்று எழுந்தாள். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. "மத்த நாளு ஒன் பாடு. புதனும் வெள்ளியும் என் மொறை," என்றாள்.

7

புண் ஆறி, வேறொரு கப்பலில் அவனை அனுப்புவதற்கு முந்தின நாள், என் வீட்டுக்காரர் அவனை எங்கள் சந்துக்குக் கூட்டி வந்தார். எங்கே இருந்து அந்தச் சட்டி வந்தது என்று பார்க்க வேண்டும் என்றானாம். எமிலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். மூன்று செங்கல்லையும் காட்டினோம். முட்டி போட்டு, கை தரையில் தொடுகிறவரை குனிந்து, அந்த அடுப்புக்கு ஒரு கும்பிடு போட்டான். மைனி, "சரி சரி, எழுந்திரி, சாம்பல் ஒட்டும்," என்று அவன் முட்டியைத் தட்டிவிட்டாள்.

போனான். அவ்வளவுதான். பேர்கூட எங்களுக்குச் சரியாக வாயில் வரவில்லை. எந்தக் கப்பலில் சேர்ந்தான், எந்தக் கடலில் போனான், யாருக்குத் தெரியும்? யுத்தம் நின்றபாடில்லை. பேப்பரில் கப்பல் முங்கின சேதி வரும்போதெல்லாம் மைனி என்னை வாசிக்கச் சொல்லுவாள். "ரஷ்யான்னு இருக்கா?" என்பாள். இல்லை என்பேன். சில தடவை இருந்தது, அப்போதும் இல்லை என்றுதான் சொன்னேன். அண்ணாச்சி கடைக்கு வருகிற மாலுமிகளிடமெல்லாம், "இடது கையில சுட்ட தழும்பு, சின்னப் பய" என்று கேட்கச் சொல்லுவாள். அவர் கேட்காமலே "கேட்டேன்" என்பார். அது அவளுக்கும் தெரியும்.

போன வருஷம் ஐப்பசியில் அவள் சொதி வைத்தபோது, "இருக்கானோ இல்லியோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் அடுத்த தேங்காய் மூடியைத் துருவ எடுத்தேன்.

8

இந்த வருஷம் அந்தப் புதன்கிழமை, மைனி இஞ்சிப் பச்சடிக்கு இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். என் அடுப்பில் மத்தியானத்துக்கு மீன் குழம்பு. வீட்டுக்காரருக்கு அது இல்லாமல் ஆகாது. எமிலி வாசலில் சீனப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். நிலக்கரி ஏற்றிக்கொள்ள ஒரு ரஷ்யாக் கப்பல் வந்திருப்பதாகவும், அதன் ஆட்கள் தங்களவர்களுடைய கல்லறைக்குப் போனதாகவும் காலையில் கேள்விப்பட்டிருந்தோம். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் நினைக்கவில்லை.

திடீரென்று எமிலி கூச்சல் போட்டாள். மலாயும் இல்லை, இங்கிலீஷும் இல்லை.

"மைனி! ஓடி வாங்க! ஒங்க கொழுந்தன் ஊரு ஆளுக வந்திருக்காக!"

நான் அடுப்பை விட்டு எழுந்தேன். அந்தத் தமிழ் எங்கே இருந்து வந்தது அவளுக்கு? அதைக் கேட்கவும் நேரமில்லை. வாசலில் மூன்று மாலுமிகள். முன்னால் நின்றவன் தாடிக்காரன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். எங்கள் பையன் இல்லை. மூன்று பேரில் ஒருவனும் அவன் இல்லை.

தாடிக்காரன் தொப்பியைக் கழற்றினான். என்னையும் மைனியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சட்டையின் இடது கையைச் சுருட்டி, முழங்கையிலிருந்து தோள்வரை தடவிக் காட்டினான். துணி சுற்றுகிற மாதிரி சுற்றிக் காட்டினான். அப்புறம், பாடம் ஒப்பிக்கிறவன் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"மைனி. சொதி."

மைனி கையிலிருந்த இஞ்சி கீழே விழுந்தது.

"இருக்கானா?" என்றாள். "ஏலே, அவன் உசுரோட இருக்கானா?"

தமிழ் அவனுக்கு எப்படி விளங்கும்? ஆனால் விளங்கியது. தலையை ஆட்டினான். கன்னம் இரண்டையும் ஊதிக் காட்டி, வயிற்றில் தட்டிக் காட்டினான். பின்னால் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"தடிச்சிட்டானாம் ரூத்து!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டியா? தடிச்சிட்டானாம்! எங்கனயோ நல்லாத் தின்னுக்கிட்டு இருக்கான்!" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நானும் அப்படித்தான் நின்றேன்.

பின்முற்றத்துக்குக் கூட்டிப்போனோம். அடுப்பைப் பார்த்ததும் தாடிக்காரன் மற்ற இருவரிடமும் ஏதோ சொன்னான். சொன்ன இடம் இதுதான் என்று சொல்லியிருப்பான். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். என் அடுப்பிலிருந்து மீன் வாசனை வந்தது. அவர்களில் சின்னவன் அந்தப் பக்கம் திரும்பி வாசனையை இழுத்து உறிஞ்சினான். உடனே தாடிக்காரன் அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினான்.

மைனி அதைப் பார்த்துவிட்டாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், இரண்டு பேருக்குத்தான் காணும். அண்ணாச்சியைத் தேங்காய்க்கு விரட்டினாள், எமிலியை வாழை இலைக்கு விரட்டினாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏளா, ஒன் மீன் சட்டிய எறக்கி மூடி வையி," என்றாள். "இன்னைக்குப் பொதன்கெழமை. நாம எல்லாரும் சைவம்."